பட்சி சொல்வதை எப்போது கேட்பது? உள்ளுணர்வை நம்பப் பழகும் வழி

ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் வருகிறது, கேட்டவர்கள் எல்லாரும் தாராளமாகச் செய் என்கிறார்கள், ஆனாலும் மனசு ஒப்பவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். இதில் நான் இரண்டு விதமாகவும் தப்பு செய்திருக்கிறேன்.

முதல் தப்பு ஒரு வேலை விஷயத்தில். கடைசிச் சுற்று நேர்முகத்தில் எதிரே மூன்று பேர் இருந்தார்கள். இந்த இடத்தில் முன்பு இருந்தவர் ஏன் போனார் என்று கேட்டேன். மூவரும் ஒரு நொடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அப்புறம் ஒருவர் மட்டும் சிரித்தபடி ஏதோ பொதுவாகச் சொன்னார். வெளியே வந்ததிலிருந்து உள்ளே ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் சம்பளம் அதிகம், பதவி பெரியது, உறுத்தலுக்குக் காரணம் சொல்ல என்னால் முடியவில்லை. சேர்ந்தேன். ஏழு மாதம் தாங்கவில்லை. எனக்கு முன்பு இருந்தவர் எதற்காகப் போனாரோ அதே காரணத்துக்காகத்தான் நானும் வெளியே வந்தேன்.

இரண்டாவது தப்பு நேர்மாறானது. ஒரு பெரிய பொறுப்பை ஏற்கச் சொன்னார்கள். கேட்ட உடனே நெஞ்சு படபடத்தது, வயிற்றில் புளியைக் கரைத்தது, 'உள்மனசு வேண்டாம் என்கிறது' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுத்துவிட்டேன். அது உள்மனசே இல்லை, வெறும் பயம். அந்தப் பொறுப்பை ஏற்றிருந்தால் என்னால் நன்றாகச் செய்திருக்க முடியும் என்பது பிற்பாடு, அதே வேலையைச் சின்ன அளவில் செய்தபோதுதான் தெரிந்தது. இன்னும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

'உன் மனசு சொல்வதைக் கேள்' என்று மட்டும் யாராவது சொன்னால் அது பாதி அறிவுரை. மனசில் ஒரு குரல் இல்லை, நாலைந்து குரல்கள் இருக்கின்றன. அதில் எது அனுபவத்திலிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் நம்பிக்கை வரும். நல்ல வேளையாக இது பழகினால் வரக்கூடியது.

அது எங்கிருந்து வருகிறது

கேரி க்ளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் தீயணைப்புப் படைத் தலைவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். அவர் பதிவு செய்த ஒரு சம்பவம் இது. ஒரு வீட்டின் சமையலறையில் தீ. குழுவோடு உள்ளே போன அதிகாரி தண்ணீர் அடிக்கிறார், தீ அடங்கவில்லை. கூடம் இருக்க வேண்டியதைவிடச் சூடாக இருக்கிறது, ஆனால் அவ்வளவு சூட்டுக்கு உரிய சத்தம் இல்லை. ஏதோ சரியில்லை என்று தோன்ற, எல்லாரையும் உடனே வெளியே போகச் சொல்கிறார். போன சற்று நேரத்தில் அவர்கள் நின்றிருந்த தரை இடிந்து விழுகிறது. தீயின் மூலம் சமையலறையில் இல்லை, அவர்கள் காலடியில், தரைக்குக் கீழே உள்ள நிலவறையில் இருந்தது. அந்த வீட்டுக்கு அப்படி ஒரு நிலவறை இருப்பதே அந்த அதிகாரிக்குத் தெரியாது. தனக்கு ஏதோ அமானுஷ்ய சக்தி இருப்பதாகவே அவர் நினைத்திருந்தார்.

க்ளைன் அவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது. பல வருடங்கள் தீயைப் பார்த்தவருக்கு, இப்படிப்பட்ட தீ இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று ஒரு கணக்கு உள்ளே இருக்கிறது. சூடு, சத்தம், தண்ணீர் பட்டபின் தீ நடந்துகொண்ட விதம் மூன்றும் அந்தக் கணக்கோடு பொருந்தவில்லை. காரணத்தை வார்த்தையாக்குவதற்கு முன்னாலேயே உடம்பு முடிவெடுத்துவிட்டது.

சதுரங்கத்திலும் இப்படித்தான். ஹெர்பர்ட் சைமனும் வில்லியம் சேஸும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த காய் அமைப்பைச் சில நொடிகள் காட்டினால் தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைச் சரியான இடத்தில் திரும்ப அடுக்கிவிடுகிறார். காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டினால் அந்தத் திறமையில் பெரும்பகுதி காணாமல் போகிறது. அதாவது அவருக்கு அபார ஞாபகசக்தி என்று இல்லை, பழகிய அமைப்பை அடையாளம் காணத் தெரிகிறது. உள்ளுணர்வு என்பதே இப்படி அடையாளம் கண்டுகொள்வதுதான் என்பது சைமனின் கருத்து. எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. பிறவியிலேயே சிலருக்கு மட்டும் கிடைத்த வரம் என்றால் நமக்கு அதில் செய்ய ஒன்றுமில்லை. அனுபவத்தின் சேமிப்பு என்றால் நாமும் சேர்க்கலாம்.

உறுத்தலைப் பேச வைப்பது

1997இல் அமெரிக்காவின் அயோவாவில் ஆன்ட்வான் பெஷாரா, அந்தோனியோ டமாஸியோ குழுவினர் ஒரு சீட்டுக்கட்டு விளையாட்டைப் பற்றி எழுதினார்கள். நாலு கட்டுகள். இரண்டு கட்டுகளில் பெரிய பரிசு வரும், ஆனால் இழப்பு அதைவிடப் பெரிதாக வரும். மற்ற இரண்டில் பரிசும் சிறியது, இழப்பும் சிறியது, போகப்போக லாபம் அங்கேதான். விளையாடுபவர்களின் தோலில் வியர்வை மாறுவதை ஒரு கருவி அளந்துகொண்டே இருந்தது. எந்தக் கட்டு மோசம் என்று அவர்கள் வாயால் சொல்வதற்கு முன்பே, அந்தக் கட்டின் பக்கம் கை போகும்போது உடம்பு பதறத் தொடங்கியிருந்தது.

இதைப் பலர் உடம்புக்கு எல்லாம் தெரியும் என்பதற்கு ஆதாரமாகச் சொல்வார்கள். ஆனால் 2004இல் வேறு இரண்டு ஆய்வாளர்கள் அதே விளையாட்டை நடத்தி, இடையிடையே இன்னும் நுணுக்கமான கேள்விகளைக் கேட்டுப் பார்த்தார்கள். நுணுக்கமாகக் கேட்டால், தெரியாது என்று நாம் நினைத்த கட்டத்திலேயே விளையாடுபவர்களுக்கு நிறையத் தெரிந்திருக்கிறது. எனக்கு முதல் ஆய்வைவிட இதுதான் பயன்பட்டது. 'காரணம் தெரியவில்லை' என்று நாம் சொல்லும் பல நேரங்களில் காரணம் உள்ளேதான் இருக்கிறது, யாரும் சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

எனவே முதல் பயிற்சி இது. ஏதாவது உறுத்தினால் உடனே நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். பத்து நிமிடம் தனியாக உட்காருங்கள், கைபேசியை வேறு அறையில் வையுங்கள். உறுத்தல் எந்த நேரத்தில் தொடங்கியது என்று கண்டுபிடியுங்கள். 'அந்தச் சந்திப்பில்' என்று பொதுவாக நிறுத்தாமல், சந்திப்பில் யார் என்ன சொன்னபோது, அதற்கு முன் மனசு எப்படி இருந்தது, அதற்குப் பின் எப்படி ஆனது என்று படம் ஓட்டுவது போல முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பார்வையோ, தாமதமாக வந்த ஒரு பதிலோ, வராமலே போன ஒரு பதிலோ அகப்படும். அந்த வேலை விஷயத்தில் நான் இதைச் செய்திருந்தால் அந்த ஒரு நொடிப் பார்வை அகப்பட்டிருக்கும். அகப்பட்டிருந்தால் அங்கே வேலை பார்த்த யாரிடமாவது நேரடியாக விசாரித்திருப்பேன். அதை இன்றைக்குத்தான் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிகிறது.

எதுவுமே அகப்படாவிட்டால்? அப்போதும் உறுத்தல் பொய் என்று ஆகிவிடாது. ஆனால் அதற்குக் கொடுக்கும் எடையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

பயமா, உள்ளுணர்வா

இதுதான் கஷ்டமான பகுதி, கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

நம் பேச்சிலேயே இதற்கு உதவி இருக்கிறது. 'மனசு ஒப்பவில்லை' என்பதும் 'நெஞ்சு படபடக்கிறது' என்பதும் 'பட்சி சொல்கிறது' என்பதும் ஒன்றா? இல்லை. மனசு ஒப்பாதது பெரும்பாலும் நம் மதிப்பீடுகளோடு ஏதோ மோதுகிறது என்பதன் அடையாளம். படபடப்பு, அடிவயிறு கலங்குவது எல்லாம் உடம்பு ஆபத்துக்குத் தயாராவது, நிஜ ஆபத்தா கற்பனையா என்று அதற்குத் தெரியாது. பட்சி சொல்வது சுருக்கமாக இருக்கும், 'இவர் திருப்பித் தரமாட்டார்' என்கிற மாதிரி ஒரு வரி, பதற்றம்கூட இருக்காது. உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லும்போது பொதுவாக 'ஒரு மாதிரி இருக்கிறது' என்று விடாமல், இந்த வார்த்தைகளில் எது பொருந்துகிறது என்று தேடிப் பாருங்கள். சரியான வார்த்தை கிடைத்தாலே பாதி தெளிந்துவிடும்.

என் அனுபவத்தில் பயம் நிறையப் பேசும். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும், 'அப்படி ஆகிவிட்டால், இப்படி ஆகிவிட்டால்' என்று வராத காலத்தைப் பற்றியே இருக்கும், ராத்திரியில் பெரிதாகிக் காலையில் சுருங்கும். அனுபவத்திலிருந்து வரும் குரல் கண்ணெதிரே இருக்கும் ஏதோ ஒன்றைக் காட்டும், ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும், தூங்கி எழுந்த பிறகும் அதே அளவில் இருக்கும். இது எல்லாருக்கும் எப்போதும் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் தூங்கி எழுந்து பார்ப்பது என்ற ஒரு சோதனை மட்டும் என்னை எத்தனையோ முறை காப்பாற்றியிருக்கிறது.

உடம்பின் பதற்றத்துக்கு நாம் தப்பான காரணம் கற்பிப்பதும் உண்டு. 1974இல் கனடாவில் டட்டன், ஆரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஆடும் உயரமான தொங்குபாலத்தில் நடந்துவந்த ஆண்களையும் உறுதியான தாழ்ந்த பாலத்தில் வந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். இரண்டு இடத்திலும் ஓர் இளம்பெண் சில கேள்விகள் கேட்டுவிட்டுத் தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். பிற்பாடு அவரை அழைத்தவர்கள் தொங்குபாலத்துக்காரர்களில்தான் அதிகம். பாலத்தால் வந்த படபடப்பை அந்தப் பெண்ணால் வந்ததாக மனசு எடுத்துக்கொண்டது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆகவே பசியோடு, தூக்கமில்லாமல், கோபத்தில், நாலு கப் காபிக்குப் பிறகு வரும் எந்த உள்ளுணர்வையும் உடனே நம்பாதீர்கள். சாப்பிட்டுத் தூங்கி எழுந்து மறுபடி கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒருவரைப் பார்த்த உடனே வரும் 'இவர் சரியில்லை' என்ற எண்ணத்தில் உள்ளுணர்வோடு கூடவே நம் பாரபட்சமும் கலந்திருக்கும். அவர் பேசும் விதம், உடை, நிறம், நம்மைப் போல இல்லாத ஏதோ ஒன்று. நம்மைப் போன்றவர்களை நம்புவது சுலபம், அதை ஞானம் என்று நினைத்துக்கொள்வது அதைவிடச் சுலபம். ஒரு கேள்வி இதற்கு உதவும்: அவர் செய்த ஏதாவது காரியம் என்னை உறுத்துகிறதா, அல்லது அவர் இருக்கும் விதமே உறுத்துகிறதா? இரண்டாவது என்றால் ஒதுங்க அவசரப்படாதீர்கள், இன்னும் இரண்டு முறை பேசிப் பாருங்கள்.

அப்புறம், வாழ்க்கையில் பெரிய அடி வாங்கியவர்கள், தீராத பதற்றத்தோடு வாழ்பவர்கள். உங்களுக்கு 'உள்ளே சொல்வதை நம்பு' என்று யாராவது சொன்னால் அது கொடுமையாகக்கூட இருக்கலாம். உள்ளே எந்நேரமும் அபாய மணி அடித்துக்கொண்டே இருக்கும்போது எதை நம்புவது? அது உங்கள் குறை இல்லை. ஒரு காலத்தில் உங்களைக் காப்பாற்றிய மணி, இப்போது நிறுத்தத் தெரியாமல் அடிக்கிறது. இதற்கு நோட்டுப் புத்தகப் பயிற்சிகள் போதாது, நல்ல மனநல ஆலோசகர் ஒருவரோடு உட்கார்ந்து மெல்ல மெல்லச் சரிசெய்வதுதான் வழி.

எங்கே நம்பலாம், எங்கே கூடாது

உளவியலாளர் டேனியல் கானெமன் உள்ளுணர்வின் மேல் சந்தேகம் கொண்டவர், க்ளைன் அதன் மேல் மதிப்பு கொண்டவர். இருவரும் பல வருடம் விவாதித்து 2009இல் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் அவர்கள் ஒத்துப்போன இடம் நமக்கு நேரடியாகப் பயன்படும். ஒரு துறையில் உள்ளுணர்வு நம்பகமாக வளர இரண்டு விஷயம் வேண்டும்: அந்தத் துறையில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், அந்த ஒழுங்கைக் கற்றுக்கொள்ள நமக்குப் போதுமான வாய்ப்பு கிடைத்திருக்க வேண்டும், அதாவது முடிவு சரியா தப்பா என்று திரும்பத் தெரிய வேண்டும். தீயணைப்பு வீரருக்கும் செவிலியருக்கும் இது கிடைக்கிறது. எந்தப் பங்கு விலை ஏறும் என்று சொல்பவருக்குக் கிடைப்பதில்லை. மனசில் எவ்வளவு உறுதியாகத் தோன்றுகிறது என்பது சரியாக இருப்பதற்கான அளவுகோல் கிடையாது என்பதையும் அவர்கள் அழுத்திச் சொன்னார்கள்.

உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மாதிரி நிலைமையை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்? பார்த்தபோது முடிவு என்ன ஆனது என்று எனக்குத் தெரிய வந்ததா? இருபது வருடம் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்தவர், 'இந்தப் பிள்ளைக்கு வீட்டில் ஏதோ பிரச்சினை' என்று நினைத்தால் அதை நம்பி மேலே விசாரிக்கலாம். அதே ஆசிரியர் முதல்முறையாக நிலம் வாங்கப் போகும்போது வரும் 'இது ராசியான இடம்' என்ற எண்ணத்துக்கு அந்த இருபது வருடத்தின் பலம் கிடையாது. அங்கே பத்திரத்தைச் சரிபார்ப்பதுதான் வேலை.

ஆபத்து விஷயத்தில் மட்டும் இந்த விதி எதுவும் வேண்டாம். ஓர் இடத்தில், ஒருவர் அருகில், பாதுகாப்பில்லை என்று உடம்பு சொன்னால் கிளம்பிவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை, மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று யோசிக்க வேண்டியதில்லை. தப்பாகக் கிளம்பினால் சின்ன சங்கடம், தப்பாக இருந்துவிட்டால் நஷ்டம் பெரியது.

நோட்டுப் புத்தகம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்யப்போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு சின்ன நோட்டு. ஏதாவது தோன்றும்போதெல்லாம் தேதி போட்டு ஒரு வரி: என்ன விஷயம், என்ன தோன்றுகிறது, உடம்பில் எங்கே தெரிகிறது, பத்துக்கு எத்தனை உறுதி. 'இந்த வேலை சொன்ன தேதிக்கு முடியாது, 8', 'புதிதாக வந்தவர் நிலைக்கமாட்டார், தொண்டையில் அடைப்பு மாதிரி, 6' என்று இவ்வளவு போதும். முடிவு தெரிந்த பிறகு பக்கத்தில் நடந்ததை எழுதுங்கள்.

முடிவு தெரிவதற்கு முன்னால் எழுதுவது ரொம்ப முக்கியம். நடந்து முடிந்த பின் 'எனக்கு அப்பவே தெரியும்' என்று எல்லாருக்கும் தோன்றும், நிஜமாகவே தெரிந்திருந்ததா என்று ஞாபகத்தை நம்பிச் சொல்ல முடியாது. பாரூக் ஃபிஷாஃப் 1975லேயே இதைச் சோதனை செய்து காட்டினார். முடிவைச் சொல்லிவிட்டால், தெரியாமல் இருந்திருந்தால்கூட இதைத்தான் கணித்திருப்போம் என்று ஆட்கள் நம்புகிறார்கள். எழுதிவைத்த வரி மாறாது.

சில மாதம் எழுதிய பிறகு என் நோட்டில் எனக்கே தெரியாத ஒன்று தெரிந்தது. ஒருவர் கொடுக்கும் வாக்குறுதி நிற்குமா நிற்காதா என்பதில் எனக்குத் தோன்றுவது அநேகமாகச் சரியாக இருக்கிறது. என் சொந்த வேலை எப்போது முடியும் என்பதில் எனக்குத் தோன்றுவது தொடர்ந்து தப்பாகப் போகிறது, எப்போதும் ஒரே பக்கமாக, எப்போதும் சீக்கிரம் முடிந்துவிடும் என்று. இப்போது முதலாவதில் என்னை நம்புகிறேன், இரண்டாவதில் பழைய கணக்கை எடுத்துப் பார்த்துத்தான் தேதி சொல்கிறேன். என் மேல் எனக்கு மரியாதை வந்தது இப்படித்தான். உங்கள் நோட்டு வேறு மாதிரி சொல்லும்.

இரண்டு வழியில் எது என்று திணறும்போது

பழைய வழி ஒன்று உண்டு, நாணயம் சுண்டுவது. விழுந்த பக்கத்தைக் கேட்டு நடப்பதற்காக இல்லை. அது விழுந்த அந்த நொடியில் நிம்மதி வந்ததா, ஏமாற்றம் வந்ததா என்று பாருங்கள். இன்னொரு தடவை சுண்டலாமே என்று கை துடித்தால் பதில் கிடைத்துவிட்டது.

பெரிய முடிவுகளுக்கு நான் வேறொன்று செய்கிறேன். ஒருநாள் முழுக்க, முடிவை எடுத்தாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு நடக்கிறேன், யாரிடமும் சொல்லாமல். மறுநாள் முழுக்க அதற்கு நேர்மாறான முடிவோடு. எந்த நாளில் தோள்கள் இறங்கின, எந்த நாளில் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வந்தது என்று கவனித்தால் பட்டியல் போட்டுக் கிடைக்காத ஒரு தகவல் கிடைக்கும். கூடவே க்ளைன் 2007இல் எழுதிய ஒரு முறையும் உண்டு: இந்த முடிவு படுதோல்வி அடைந்துவிட்டது என்று கற்பனை செய்து, ஏன் தோற்றது என்று சில நிமிடம் எழுதுவது. தோற்குமா என்று கேட்டால் மனசு சமாளிக்கும், தோற்றுவிட்டது ஏன் என்று கேட்டால் உள்ளே அமுக்கிவைத்ததெல்லாம் வெளியே வரும்.

ஆனால் வரிசை முக்கியம், முதலில் தகவல், அப்புறம்தான் உள்ளுணர்வு. கானெமன் இளைஞராக இருந்தபோது, 1950களில், இஸ்ரேல் ராணுவத்தில் புதியவர்களை நேர்முகம் செய்யும் முறையை மாற்றி அமைத்தார். ஆறு குணங்களைத் தனித்தனியாக விசாரித்து மதிப்பெண் போடச் சொன்னார். நேர்முகம் செய்தவர்கள் தங்களை இயந்திரமாக்குவதாக முணுமுணுத்தபோது, எல்லாம் போட்டு முடித்தபின் கண்ணை மூடி இவர் எப்படிப்பட்ட படைவீரராக இருப்பார் என்று யோசித்து ஒரு மதிப்பெண் போடுங்கள் என்றார். அந்தக் கடைசி மதிப்பெண்ணும் ஆறு மதிப்பெண்களின் கூட்டுத்தொகைக்குச் சமமாகப் பலன் தந்தது. முதலிலேயே கண்ணை மூடினால் முதல் பார்வைதான் பேசும்.

அதே மாதிரி ஊராரிடம் யோசனை கேட்பதற்கும் வரிசை உண்டு. நாலு பேரிடம் கேட்டுவிட்டு அப்புறம் மனசைத் தேடினால் நாலு பேரின் குரல்தான் உள்ளே கேட்கும், அதில் அப்பா குரல் எது, நண்பர் குரல் எது, நம் குரல் எது என்று பிரிக்கவே முடியாது. முதலில் உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள், தாளை மடித்து வையுங்கள், பிறகு யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு மாற்றிக்கொள்வதில் தப்பே இல்லை. எதிலிருந்து எதற்கு மாறினீர்கள் என்பது தெரிந்திருக்கும்.

தொடங்குவதைச் சின்ன விஷயங்களில் தொடங்குங்கள். இன்றைக்கு யாருக்கு முதலில் பதில் எழுதுவது, இந்த அழைப்பை ஏற்பதா மறுப்பதா, எந்த வேலையை முதலில் எடுப்பது என்று நஷ்டம் பெரிதாக இல்லாத இடங்களில் தோன்றியதை எழுதி, அதன்படி செய்து, நடந்ததைப் பக்கத்தில் குறியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டைப் புரட்டி, எந்த வகை விஷயத்தில் சரியாக வருகிறது என்று ஒரு வண்ணத்திலும் தப்பாக வருகிறது என்று இன்னொரு வண்ணத்திலும் கோடு போடுங்கள். முதல் மூன்று மாதத்தில் பக்கங்கள் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்குப் பதினோரு வரிதான் இருந்தது. அதிலேயே இரண்டு வரிகள் வேலைத் தேதியைப் பற்றியவை, இரண்டும் தப்பு.